"ரெண்டு வாய் கஞ்சிகூட இறங்கல சிஸ்டர்"

மருந்துப் பையைத் திண்ணையில் வைப்பதற்குள் அந்த அம்மா கேட்டுவிடுவார்: "நேத்துலேர்ந்து ரெண்டு வாய் கஞ்சிகூட இறங்கல சிஸ்டர். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வருமில்ல?"

நான் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர். குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் அவதியையும் குறைப்பதுதான் எங்கள் வேலை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதுவும் ஓர் அங்கம். அந்த வீட்டுப் பெரியவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஒரு மருத்துவமனையில் "இனி செய்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று பாராசிட்டமால் அட்டையோடு அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

எங்கள் மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். 10 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம். மகனுக்குப் பயம், போதை மருந்தாயிற்றே என்று. அப்பா அலறினால் மட்டும் கொடுத்தார். வலி வந்தபிறகு அதைத் துரத்தக் கூடாது, வருவதற்கு முன்பே மருந்து உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லி, தினசரிக் காலண்டரில் எழுதிக் கொடுத்தேன்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு வேளைக்கு இரட்டை மாத்திரை. நடுராத்திரி யாரும் எழுந்திருக்க வேண்டாம். கூடவே மலமிளக்கி, அதை விட்டால் மார்ஃபின் வயிற்றைக் கட்டிவிடும். மூன்றாம் நாள் இரவு பெரியவர் விடியும்வரை தூங்கினார்.

சாப்பாட்டு விஷயம்தான் கடினம். உடல் அடங்கும்போது பசி போய்விடும். அப்போது ஏற்றும் குளுக்கோஸ் தெம்பாகாது. காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேரும். ஆரம்பத்தில் இதை அப்படியே பாடம் நடத்துவேன். பட்டினி போடச் சொல்கிறேன் என்றே வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நாற்பது வருஷம் அவருக்கு உலை வைத்தவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினால், அந்தக் கை என்னதான் செய்யும்?

அதனால் இந்த அம்மாவிடம் வேறு வேலை கொடுத்தேன். ஈரத்துணியால் வாயைத் துடைப்பது, உதட்டுக்குத் தேங்காயெண்ணெய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது. கடைசிவரை முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

கடைசி நாள் தொண்டையில் கரகரவென்று சத்தம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவரைக் கேட்டுத் தோலுக்கடியில் ஊசி போட்டேன். உறவுக்காரர்கள் பால் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

முன்பெல்லாம் தடுத்துவிடுவேன், புரையேறுமே என்று. அப்படித் தடுத்த ஒரு வீட்டில், "எங்கப்பாவுக்கு ஒரு வாய் பால் ஊத்த விடலயே" என்று அந்தப் பெண் மாதங்கள் கழித்தும் என்னிடம் அழுதாள். அவளுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இந்தமுறை பஞ்சை எடுத்து, பாலில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். உதட்டில் மட்டும் ஒற்றினார்கள். பேரன் பேத்திகளும் ஒற்றினார்கள்.

கடைசியாக அந்த அம்மா. ஒற்றிவிட்டு, வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சே சிஸ்டர். திருப்பிப் படுக்க வைக்கலாமா?"

இருவரும் சேர்ந்து திருப்பிப் படுக்க வைத்தோம்.