சொல்லிக் கொடுக்கிற நேரத்துக்கும் கூலி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. டெய்லருக்குக் கூடமாட உதவும் கைமடியாக நுழைந்து, துணி ஓரங்களை மூட்டும் ஓவர்லாக் மெஷினில் டெய்லராகி, லைன் சூப்பர்வைசராக இருந்த சமயத்தில்தான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆசையாகத்தான் ஒத்துக்கொண்டேன். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, திட்டு வாங்கி, மதிய இடைவேளையில் டெய்லர் எழுந்துபோன மெஷினில் வேஸ்ட் துணியைத் தைத்துப் பழகியவன் நான்.

மாடியில் ஓர் அறை, பத்து மெஷின், சுவரில் புரொஜெக்டர். முதல் அணியில் பன்னிரண்டு பேர். நூல் கோக்காமல் காகிதத்தில் கோடு பிடித்து ஓட்டுவதில் தொடங்கி, நேர்த்தையல், வளைவு, வேஸ்ட் துணி என்று மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தேன். கடைசி நாளில் எல்லோருமே நன்றாகத் தைத்தார்கள். கீழே லைனில் போய் உட்கார்ந்த ஒரே மாதத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

“இப்ப வர்ற பசங்களுக்குப் பொறுமையே இல்லைங்க” என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். கொஞ்ச நாள் நானும் அதையே நம்பினேன். ஆறாவதாக நிற்கப்போன பெண் கணக்கு முடிக்க வந்தபோது கேட்டேன். திண்டுக்கல் பக்கத்துப் பெண். “மேல சொல்லிக்குடுத்த கழுத்து வேற, இங்க வர்ற கழுத்து வேறண்ணே. யார்ட்ட கேக்குறது?” என்றாள்.

அவளுக்குப் பக்கத்து மெஷினிலேயே கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டையான ரிப்பைப் பதினைந்து வருடம் வைத்துத் தைத்துப் பழகிய அக்கா இருந்தார். அவரிடம் போய், கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்றேன். தையலை நிறுத்தாமலே பதில் வந்தது: “நான் நின்னு சொல்லிக்குடுத்தா என்ற கூலிய யாருங்க குடுப்பாங்க?”

அவர் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர். ஒரு மணி நேரம் கை நின்றால் அந்த ஒரு மணி நேரக் காசு போச்சு. மாலையில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டியவர். தொழில் ரகசியத்தை மறைக்கிறார், புது ஆள் வந்தால் பயப்படுகிறார் என்றெல்லாம் பெரிய டெய்லர்களைப் பற்றிப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். அது அநியாயமான பேச்சு. நாம் அவரிடம் கேட்டது இலவச உழைப்பு.

முதலாளியிடம் போனேன். போன மாதம் அந்த அக்கா வாங்கியதை மணிக்கணக்கில் வகுத்து, சொல்லிக் கொடுக்கும் நேரத்துக்கு அதே தொகையைக் கொடுக்க வேண்டும் என்றேன். “தைக்காததுக்குக் காசா?” என்று கேட்டார். அந்த வாரம் திருத்தித் தைக்க ஆல்டருக்கு வந்து குவிந்திருந்த கழுத்துப் பீஸ்களை மேஜையில் கொட்டிக் காட்டினேன். பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி செக்கிங் போய் வரும் செலவு அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2016-ல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநரின் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கிறது. கற்றுக்கொள்பவருக்கு அது நல்ல துணை. பக்கத்து மெஷினில் தன் தையலை நிறுத்திவிட்டுச் சொல்லிக் கொடுப்பவர் இழக்கும் பீஸ் ரேட்டை யார் தருவது என்பது கம்பெனிதான் தீர்க்க வேண்டிய விஷயம்.

காசு முடிவானதும் வேறொரு சிக்கல் வந்தது. அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. “இப்படி வெச்சு, இப்படி ஓட்டோணும், அவ்வளவுதான். கைக்குத் தெரியும்ங்க” என்றார். அவர் ஓட்டுகிற வேகத்தில் புதிதாக வந்த பெண்ணின் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

அந்த நேரத்தில்தான் ‘ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற பழைய அமெரிக்க முறையைப் படித்தேன். 1940-ல், உலகப் போர்ச் சமயத்தில் தொடங்கியது. தொழிற்சாலைகளில் அனுபவமே இல்லாத ஆட்களைச் சீக்கிரம் பழக்க வேண்டிய நெருக்கடி. பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பு நடத்துவதை விட்டு, வேலை தெரிந்த சூப்பர்வைசருக்கே ‘எப்படிச் சொல்லிக் கொடுப்பது’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. டொயோட்டாவின் பயிற்சி முறைக்கு வேர் அதில் இருக்கிறது. அந்த வகுப்பில் மின்வயரில் போடும் ஒரு முடிச்சை வைத்து விளக்குவார்கள். முதலில் வாயால் மட்டும் சொல்வார்கள், யாருக்கும் போட வராது. அடுத்து பேசாமல் செய்து மட்டும் காட்டுவார்கள், அப்போதும் வராது. மூன்றாவதாக வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்க வேண்டும், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லிச் செய்யும்போது வந்துவிடும். என் புரொஜெக்டர் முதல் வகை. அக்காவின் கை இரண்டாவது வகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கும் கூலி போட்டு, அக்காவை மெதுவாகத் தைக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வட்டமாக மூட்டிய ரிப் மேலே, பனியனின் உடல் பகுதியான பாடி கீழே. ரிப், கழுத்தின் சுற்றளவைவிடச் சின்னது. இழுத்து வைத்தால்தான் பொருந்தும். இது எல்லோருக்கும் தெரியும். அக்கா இழுத்தது ரிப்பை மட்டும். பாடியை அடியில் கை சும்மா தாங்கியிருந்தது. பாடியும் சேர்ந்து இழுபட்டால் கழுத்து அலை அலையாகிவிடும். பின்கழுத்தில் லேசாக இழுத்தார். முன்கழுத்து வளைவுக்கு வந்ததும் இழுப்பு கூடியது. “அக்கா, இங்க ஏன் ஜாஸ்தி இழுக்கறீங்க?” என்றேன். கையை நிறுத்தி, அதையே திரும்பச் செய்து பார்த்தார். “அட, ஆமாங்க! வளைவுல இழுக்காட்டி ரிப்பு தூக்கிட்டு நிக்குமுங்க, நெஞ்சுல படியாது” என்றார். பதினைந்து வருடமாகக் கை செய்துவந்ததை அன்றைக்குத்தான் வாய் சொன்னது. அதை அப்படியே அவர் வார்த்தையில் ஒரு அட்டையில் எழுதினோம். ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்காக அவர்களில் ஒருத்தியே அதை ஒடியாவில் எழுதித் தந்தாள்.

ஊசி விஷயத்தில் ‘ஏன்’ என்பது இன்னும் முக்கியம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். புதிதாக வந்தவர்கள் திட்டுக்குப் பயந்து துண்டை மறைத்ததை நான் கண்டுபிடித்தேன். குழந்தை உடுப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, அந்த முனை எங்கே குத்தும் என்று தடவிப் பார்க்கச் சொன்னேன். ஊசி உடைந்ததற்காக யாரும் திட்டக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

மாடி அறை இப்போது முதல் ஒரு வாரத்துக்கு மட்டும். அதன் பிறகு லைனிலேயே, அக்கா மாதிரி ஒருவர் பக்கத்தில். முதல் பத்து நாள் புது ஆளுக்கு டார்கெட் கிடையாது. அக்கா காலையில் இரண்டு முறை, சாயங்காலம் ஒரு முறை எழுந்து போய்ப் பார்ப்பார். நிற்பவர்கள் இல்லாமல் இல்லை. ஊரில் திருவிழா என்று போய்த் திரும்பாதவர்கள் உண்டு. ஆனால் ‘யார்ட்ட கேக்குறது’ என்று சொல்லி யாரும் கணக்கு முடிக்கவில்லை.

மடிப்பு ஓரம் தைக்கும் பேட்லாக் மெஷின் பக்கம் இன்னும் சரியாகவில்லை. அங்கே டெய்லர்கள் கம்பெனி ஆட்கள் கிடையாது, காண்ட்ராக்டரின் ஆட்கள். அவர்களில் ஒருவரை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க விட்டால் அந்தப் பணத்தை நாங்கள் தருகிறோம் என்றேன். பணம் தன் கை வழியாகத்தான் போக வேண்டும் என்கிறார் காண்ட்ராக்டர். நேராக டெய்லர் கையில் கொடுப்பேன் என்று நான் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி பேச வரச் சொல்லியிருக்கிறார்.