பறக்குற பிளேன்ல கரண்ட் போனா என்ன பண்ணுவாங்க

எஞ்சின் நின்னா என்ன ஆகும்னு நிறைய பேர் கேக்குறாங்க, கரண்ட் போனா என்ன ஆகும்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. ஆனா இன்னைக்கு காக்பிட்ல ஸ்கிரீன், ரேடியோ, ஆட்டோபைலட், அலாரம் எல்லாமே கரண்ட்லதான் ஓடுது.

2008 ஜனவரி 7, லண்டன்லேர்ந்து பாங்காக் போன குவான்டாஸ் ஏர்லைன்ஸோட போயிங் 747-400, உள்ள 365 பேர். நாலு எஞ்சினும் நல்லா ஓடுது, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜெனரேட்டர் வேற இருக்கு. பாங்காக்ல இறங்க வர்ற நேரத்துல, முன்பக்க கிச்சன்ல தண்ணி கொட்டுதுன்னு கேபின்லேர்ந்து சொல்றாங்க, அதுக்குள்ள நாலு மெயின் சப்ளை லைன்ல மூணு அவுட். கழிவுத் தண்ணி வெளிய போற பைப்ல ஐஸ் அடைச்சு, தண்ணி வழிஞ்சு, கீழ எலக்ட்ரானிக்ஸ் ரூம் மேல இருந்த தடுப்புல விரிசல் வழியா ஜெனரேட்டர் கன்ட்ரோல் பெட்டிக்குள்ள இறங்கிடுச்சு. ஒரு லைன் மிச்சம் இருந்துச்சே, அதுல ஓட்டலாமேன்னு தோணும். முடியாது, கேப்டன் பக்கத்து கருவிங்களுக்கு சப்ளை மூணாவது லைன்லேர்ந்துதான், அது போனதும் பேட்டரிதான் கதி. அந்த மாடல்ல ஏபியுவை, அதாவது வால்ல இருக்குற தனி குட்டி எஞ்சின் ஜெனரேட்டரை, பறக்கும்போது ஸ்டார்ட் பண்ண முடியாது, ஏர்பஸ் ஏ320ல இருக்குற மாதிரி வெளிய இறங்கி காத்துல சுத்தி கரண்ட் குடுக்குற குட்டி காத்தாடியும் (RAT) கிடையாது.

பேட்டரிக்கு கணக்கு 30 நிமிஷம்.

இந்த நிலைமைல ஏன் போச்சுன்னு தோண்டித் துருவ ஆரம்பிச்சா நிமிஷம் கரைஞ்சிடும். முதல்ல ஒருத்தர் பிளேனை ஓட்டணும், அதை மட்டும்தான் பாக்கணும், இன்னொருத்தர் செக்லிஸ்ட் எடுத்து தேவையில்லாத லோடை ஆஃப் பண்ணணும், விழுந்த பிரேக்கரை சும்மா சும்மா திருப்பிப் போடக் கூடாது, ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம போட்டா அங்கதான் தீ பிடிக்கும். குவான்டாஸ் குழு நேரா பாங்காக் ரன்வேக்கே கொண்டு போய் பத்திரமா இறக்கிட்டாங்க, யாருக்கும் அடி இல்ல. பகல் வெளிச்சம், பக்கத்துலயே ரன்வே, ரெண்டும் கைகுடுத்துச்சு. இதே நடுக்கடல்ல, ராத்திரி, மேகத்துக்குள்ள நடந்திருந்தா 30 நிமிஷம் எங்க பத்தும்? நினைச்சாலே வயித்தக் கலக்குது.

புகை வந்தா கதை இன்னும் மோசம். 1998 செப்டம்பர்ல நியூயார்க்லேர்ந்து ஜெனீவா கிளம்பின சுவிஸ்ஏர் 111ல, காக்பிட் கூரைக்கு மேல ஒயர்ல பொறி கிளம்பி, சுத்தியிருந்த இன்சுலேஷன் பத்திக்கிச்சு. வாசனை வந்து சுமார் 20 நிமிஷத்துல கனடா கரைக்குப் பக்கத்துல கடல்ல விழுந்து 229 பேரும் போயிட்டாங்க. அப்போ இருந்த புகை செக்லிஸ்ட்டை முழுசா முடிக்கவே 20லேர்ந்து 30 நிமிஷம் ஆகும்! உடனே பக்கத்துல இருந்த ஹாலிஃபாக்ஸ் ஏர்போர்ட்டுக்கு இறங்க ஆரம்பிச்சிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாதுன்னு விசாரணைல சொன்னாங்க, அதனால பைலட்டுங்க மேல பழி போடுறது நியாயமே இல்ல. மாற வேண்டியிருந்தது அந்த செக்லிஸ்ட், அது மாறவும் செஞ்சுது. இப்போ போயிங் புகை செக்லிஸ்ட்ல முதல் வரியே வேற ஏர்போர்ட்டுக்குத் திரும்ப வேண்டி வரலாம்ங்கறதுதான். ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டுறதுகூட அதுக்கு அடுத்துதான் வருது.