ரெட்டிச்சாவடி தாண்டியதும்

“சீக்கிரம் வாங்கன்னுதானே சொன்னேன், வேகமா வாங்கன்னு சொல்லலையே?” என்று நான் கேட்டபோது எங்கள் நிறுவன வேனின் ஓட்டுநர் எதுவும் சொல்லவில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று திருப்பிக் கேட்டிருந்தால் ஏதாவது விளக்கம் சொல்லி நான் தப்பித்திருப்பேன். அவரோ “சரி சார்” என்று மட்டும் சொல்லி, சம்பளப் பிடித்தத்துக்கான படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு மதிய ஷிப்டுக்கு வண்டி எடுக்கப் போய்விட்டார். எட்டு மாதங்கள் ஆன பிறகும் அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அரியாங்குப்பத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலை 6 மணி ஷிப்டுக்கு கடலூர் சிப்காட் வந்து சேர வேண்டிய வேன் அது. 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத சாலையில் 78-ல் வந்ததாக, ரெட்டிச்சாவடி அருகே நின்றிருந்த போலீஸ் வண்டியில் இருந்த, வேகம் அளக்கும் கருவி பதிவு செய்திருந்தது. நிறுவனத்தின் கைப்பேசிக்கு சலான் வந்தது. அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தை ஓட்டுநரிடமே வசூலிப்பது எங்கள் இடத்து வழக்கம். வழக்கத்தைத்தான் பின்பற்றினேன் என்று இப்போதும் சொல்ல முடியும். ஆனால் முதல் நாள் இரவு, நேரம் தவறாமல் சீக்கிரம் வரும்படி அவருக்குத் தொலைபேசியில் சொன்னவனும் நான்தான்.

அபராதம் கூடினால் மனிதர்கள் மாறுவார்கள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வேகமாக ஓட்டும் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 400 ரூபாய் என்றிருந்த தொகை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிறிய வண்டிகளுக்கே குறைந்தது 1,000 ஆனபோது, இனி அச்சம் வரும் என்று அலுவலகத்தில் வாதாடியிருக்கிறேன். அச்சம் வந்தது உண்மை. சலான் வந்தபின் இரண்டு வாரம் அந்த வேன் எங்கும் 60-ஐத் தாண்டவில்லை என்பதை ஜிபிஎஸ் அறிக்கையில் பார்த்தேன். பார்த்து மகிழ்ந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வேன் ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. இரவு ஷிப்டில் இருந்தவர்களை விடுவிக்க முடியாமல் உற்பத்திப் பிரிவிலிருந்து என்னிடம் காரணம் கேட்டார்கள். அன்று மாலை அவரை அழைத்து நான் சொன்னது இவ்வளவுதான்: “நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்கண்ணே.” சொல்லி முடித்த பிறகுதான், முன்பு சொன்ன அதே சொற்களை மறுபடியும் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. மறுநாள் வேன் 5.50-க்கே வந்து நின்றது.

அதற்குப் பின் வந்த அறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. கிருமாம்பாக்கத்தில் 75, கன்னியக்கோயில் தாண்டி 80, முள்ளோடையைக் கடந்து ரெட்டிச்சாவடியை நெருங்கும்போது 50, தாண்டியதும் மறுபடி 75. எதிரில் வரும் வண்டிக்காரர்கள் முகப்பு விளக்கை மினுக்கிச் சைகை காட்டும் நாட்களில் மட்டும் வேறு இடங்களிலும் சற்றுக் குறையும். ஆயிரம் ரூபாய் கொடுத்து அவர் கற்றுக்கொண்டது போலீஸ் எங்கே நிற்கும் என்பதை மட்டுமே என்று நான் முதலில் கசப்போடு நினைத்தேன். அது நியாயமான எண்ணம் அன்று. போன வருடம் ஆல்பேட்டையில் என் பைக்குக்கும் சலான் வந்தது. அந்த இடம் வரும்போது என் கையும் தானாக ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகிறது. பாலத்தில் ஏறியதும் முறுக்குகிறது. எனக்கு ஷிப்டு நேரம்கூட இல்லை.

ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறுத்தமில்லாத 20 கிலோமீட்டரை 60-ல் கடந்தால் 20 நிமிடம், 80-ல் கடந்தால் 15 நிமிடம். மிச்சமாவது ஐந்தே நிமிடம். அதற்காக, மோதினால் வண்டி தாங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது, ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. உள்ளே பதினேழு பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கணக்கை அவருக்கு விளக்க வேண்டும் என்று எடுத்துவைத்தேன். பிறகு, ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்பவர் அவர் இல்லையே என்று தோன்றியதால் விளக்கவில்லை.

சட்டத்தின் 183-ஆம் பிரிவைப் படித்ததும் அப்போதுதான். வேகமாக ஓட்டுபவரை மட்டும் அது சொல்லவில்லை. தனக்குக் கீழ் வேலை செய்பவரை அப்படி ஓட்டச் செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. முன்பு குறைந்த அபராதத்தோடு தனி உட்பிரிவில் இருந்த அந்த மனிதரை, 2019 திருத்தம் ஓட்டுநரோடு ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நான் அவரை வேகமாக ஓட்டச் செய்தேனா? அப்படி ஒரு உத்தரவை நான் எழுதியதில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அழைத்ததும் இல்லை. இந்த இரண்டும் உண்மை என்றாலும், இவற்றைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிப்பதில்லை.

புறப்படும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளலாம் என்று வேனில் வருகிறவர்களிடம் கேட்டேன். முதல் நிறுத்தத்தில் ஏறும் பெண்கள் இருவர், இப்போதே மூன்றரைக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. ஷிப்டு தொடங்கும் நேரத்தை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. மேலே கேட்டுப் பார்த்திருக்கலாம். ஒருமுறை கேட்டேன், இரண்டாம் முறை கேட்கவில்லை.

போன மாதம் ஆயிரம் ரூபாயை ஓர் உறையில் போட்டு அவரிடம் நீட்டினேன். எதற்கு என்று அவருக்குப் புரிய சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் உறையைத் திரும்ப என் மேசைமேல் வைத்தார்.

“இருக்கட்டும் சார். அடுத்த தடவை வந்தா பாத்துக்கலாம்.”

இரண்டாம் முறை சிக்கினால் உரிமத்தையே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பது அவருக்கும் தெரியும். நான் சரி என்று தலையசைத்து, உறையை மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்று மாலை உற்பத்திப் பிரிவிலிருந்து அழைத்து, நாளை வேன் நேரத்துக்கு வந்துவிடுமா என்று கேட்டார்கள். வந்துவிடும் என்றேன்.