முன் பிரேக்கைத் தொடாதீங்க, அண்ணி

ஜூன் 2, ஞாயிறு

எழுத்துத் தேர்வு முடிந்து பழகுநர் உரிமம் கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. 16 வருஷம் பின் சீட்டிலேயே போய் வந்தவள், இன்றுதான் முன்னால் உட்கார்ந்தேன். சொல்லித் தருவது என் நாத்தனார். 11 வருஷமாக கியர் வண்டி ஓட்டுகிறாள், ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

முதல் அரை மணி நேரம் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. தள்ளிக்கொண்டே நடக்கச் சொன்னாள். வண்டி 140 கிலோ. நிமிர்ந்து நிற்கும்வரை ஒரு கையே போதும். ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் இரண்டு கையும் போதவில்லை. அந்த அளவு எங்கே என்று இடுப்புக்குத் தெரிய வேண்டும் என்றாள்.

அப்புறம் கிளட்ச். "ஃபர்ஸ்ட் போடுங்க. ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். நூல் நூலா விடுங்க அண்ணி."

நூல் நூலாக விட்டேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பாதி தூரம் தாண்டியதும் என்ஜின் சத்தம் லேசாகக் கனத்தது. டேங்க் முழங்காலில் அதிர்ந்தது, வண்டி மூச்சு இழுத்த மாதிரி முன்னால் ஒரு அங்குலம் நகர்ந்தது. விரலை அங்கேயே நிறுத்தினேன். ஹாஃப் கிளட்ச் என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தைத்தான். உள்ளே தட்டுகள் ஒன்றையொன்று முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அவை எண்ணெயில் மூழ்கியே இருப்பதால், கொஞ்ச நேரம் அப்படி வழுக்கினாலும் தாங்கும்.

கிளம்பும்போது சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. முன் பிரேக்கைத் தொடாதீங்க அண்ணி, தூக்கி அடிச்சிடும்." நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஒன்பது தடவை ஆஃப் ஆனது. எல்லாமே கிளட்ச்சைப் பட்டென்று விட்டதால். ஆள்காட்டி விரலின் உள்பக்கம் கன்றிப் போயிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

சாக்பீஸால் தரையில் 8 வரைந்து தந்தாள். தேர்வுக்குப் போய் வந்த எல்லோரும் பயமுறுத்துவது இந்த 8-ஐத்தான். கால் ஊன்றக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது.

காலையில் முழுக்கத் தோல்வி. கோட்டை மிதித்துவிடுவோமோ என்று கோட்டையே பார்த்தேன், சக்கரமும் நேரே கோட்டுக்குப் போனது. "தரையில என்ன தேடுறீங்க? அடுத்த வளைவைப் பாருங்க" என்று அவள் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். வளைவுக்குள் நுழையும் முன்பே கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வண்டி தானாகத் திரும்பிக்கொண்டது. கழுத்தோடு தோளும் திரும்புகிறது, தோளோடு ஹேண்டில்பாரும். வேறெதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு விஷயமும் பிடிபட்டது. வேகத்தை ஆக்சிலேட்டரால் கூட்டிக் குறைத்தால் வண்டி குலுங்குகிறது. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, கிளட்ச்சை அந்த நூல் இடத்தில் பிடித்து, பின் பிரேக்கை வெறுமனே காலால் தொட்டுக்கொண்டே போனால் எருமை நடக்கிற வேகத்திலும் ஆடாமல் போகிறது. மாலைக்குள் தொடர்ந்து ஆறு 8 போட்டுவிட்டேன். மெதுவாக ஓட்டுவது இவ்வளவு நுணுக்கமான வேலை என்று பின் சீட்டில் இருந்தவரை எனக்குத் தெரியாது.

ஜூன் 13, வியாழன்

விழுந்தேன். 8-இன் நடுவில் ஒரு நாய் வந்தது, வலது கை தானாக முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது. ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருந்த நேரம், நடக்கிற வேகம்தான், ஆனாலும் வண்டி யாரோ காலை வாரியது போல அப்படியே சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வண்டிக்கு ஒரு இண்டிகேட்டர் போனது.

"நான் சொன்னேன்ல அண்ணி" என்றாள். கோபமாக இல்லை, பயந்துபோய்ச் சொன்னாள்.

வண்டியை எப்படித் தூக்குவது என்று அப்போதே காட்டினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து, காலால் உந்தி எழ வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கப் போனால் முதுகு போய்விடும்.

ஜூன் 20, வியாழன்

ரோட்டில் 40 வரை போனேன். அந்த வேகத்தில் இடது பக்கம் போக இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் திரும்ப, வண்டி இடது பக்கம் சாய்ந்து வளைகிறது. சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் தெரியாமலே செய்வது. தெரிந்தே செய்து பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

தேர்வு. ஃபெயில்.

8 சுத்தமாக வந்தது. குறுகிய பாதையும் கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவதும் அப்படியே. கடைசியாக 30 வேகத்தில் வந்து, கொடி இறங்கியதும் நிறுத்த வேண்டும். கொடி இறங்கியது. பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். பின் சக்கரம் சுற்றுவது நின்றுபோய், கீறிச்சிட்டுக்கொண்டு வழுக்கியது. வண்டியின் வால் ஒரு பக்கமாக ஒதுங்கியது. நான் விழவில்லை, ஆனால் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் தரையில் கறுப்பாக ஒரு நீளக் கோடு.

தேர்வாளர் திட்டவில்லை. "முன் பிரேக்கையும் பிடிக்கணும்மா" என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று வாரமாக 8-ஐ நினைத்தே பயந்தேன். நிறுத்துவதை ஒரு பாடமாகவே நான் நினைக்கவில்லை.

ஜூன் 26, புதன்

தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்கப் படித்தேன்.

டயர் எவ்வளவு அழுத்தமாகத் தரையில் பதிகிறதோ, அவ்வளவுக்குத்தான் அதற்குப் பிடிமானம். வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்னால் போகிறது. பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சரிகிறோமே, அதேதான். முன் டயர் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரைப் போய் மிதித்தால் அது வழுக்காமல் என்ன செய்யும்? நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை நான் தொடவே இல்லை.

இன்னொன்றையும் படித்தேன், அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. ஆபத்தைப் பார்த்ததிலிருந்து மோதல் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் பொதுவாக 2 வினாடிக்கும் குறைவு. 92 சதவீதம் பேர் தானாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள்.

நானும் அப்படித்தான். அவளும் அப்படித்தான், அவளுக்குச் சொல்லித் தந்தவர் என் மாமனார். இத்தனை வருஷம் அவள் விழாததற்குக் காரணம், அப்படி ஒரு 2 வினாடி அவளுக்கு இன்னும் வரவில்லை என்பதுதானோ? என் பிள்ளைகள் அவள் பின்னால் உட்கார்ந்து போகிறார்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது.

ஜூன் 29, சனி

தனியாகத்தான் போனேன். காலி மைதானம், காய்ந்த தரை, கூம்புக்குப் பதில் ஒரு செங்கல். நேராக 30-இல் வந்து செங்கல்லைத் தாண்டும்போது பிரேக். நின்ற இடத்திலிருந்து காலடியால் அளந்தேன்.

பின் பிரேக் மட்டும்: 14 அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

இரண்டும் சேர்த்து: முதலில் 11. பத்து முறைக்கு அப்புறம் 9. கடைசியில் 8.

அந்தப் பத்து முறையில் கை என்ன கற்றது என்பதை எழுதி வைக்க வேண்டும். முன் பிரேக்கைப் படக்கென்று பிடிக்கக் கூடாது. பாரம் முன்னால் வந்து சேரும் முன்பே பிடித்தால் முன் சக்கரமும் வழுக்கிவிடும். இரண்டு விரலால் முதல் தளர்வை எடு. முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கால்கள், அமிழ்வதை மணிக்கட்டில் உணரலாம். அது அமிழ்ந்த பிறகு அழுத்திக்கொண்டே போ, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. இதெல்லாம் ஒரு வினாடிக்குள் நடக்கிறது, ஆனால் இரண்டு படியாகத்தான் நடக்கிறது. சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்குவதைத் தானாகத் தடுக்கும் ஏபிஎஸ் என் வண்டியில் கிடையாது, எல்லாம் இந்த விரலில்தான்.

நிற்கும்போது ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். 13-ஆம் தேதி நான் விழுந்ததற்கு அதுதான் காரணம். முதல் பக்கத்தில் எழுதியிருந்ததை அடிக்கவில்லை. "ஹேண்டில் திரும்பியிருக்கும்போது" என்று முன்னால் சேர்த்தேன்.

ஜூலை 3, புதன்

மழை. நனைந்த தரையில் அதே பயிற்சி, 20 வேகத்தில். இன்னும் மெதுவாகப் பிழிய வேண்டும். பெயின்ட் அடித்த வெள்ளைக் கோடுகள் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது, சோப்பு மாதிரி இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

நாலு நாளாகச் சொல்ல வாய் வரவில்லை. 11 வருஷம் ஓட்டியவளிடம், ஒரு மாசம் ஓட்டிய நான் எப்படிச் சொல்வது? கடைசியில் எதுவும் சொல்லாமல் செங்கல்லோடு கூட்டிப் போனேன். பின் பிரேக்கில் ஒரு தடவை, இரண்டிலும் ஒரு தடவை நிறுத்திக் காட்டினேன். அவளையே அளக்கச் சொன்னேன்.

14. 8.

வாய்விட்டு எண்ணியவள் எட்டில் நின்று பேசாமல் இருந்தாள். பிறகு, "இந்த ஆறடியில ஒரு ஆள் நிக்கலாம் அண்ணி" என்றாள்.

அவளே ஏறினாள். வந்தாள், செங்கல்லைத் தாண்டினாள், பின் பிரேக்கில் நின்றாள். மறுபடியும் அதே. "விரல் போக மாட்டேங்குது" என்றாள். முன் லீவர் மேல் இருந்த அவள் கையின் மேல் என் கையை வைத்து, வண்டி நின்ற இடத்திலேயே, மெதுவாகப் பிழிந்து காட்டினேன். ஃபோர்க் அமிழ்வதைக் காட்டத் தோளால் வண்டியை முன்னால் தள்ளினேன். நாலாவது முறை அவள் விரல் போனது. 12 அடியில் நின்றாள்.

ஜூலை 12, வெள்ளி

பாஸ்.

8-க்கு நெஞ்சு அடிக்கவே இல்லை. கொடிக்கு அடித்தது. இறங்கியதும் தளர்வை எடுத்தேன், ஃபோர்க் அமிழ்ந்தது, பிழிந்தேன், நின்றேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுசாக ஒரு வண்டி நீளம் மிச்சம். ரோட்டு ஓட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன், திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரை அணைத்தேன். போன தடவை இருந்த அதே தேர்வாளர்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவளைக் காட்டினேன்.

திரும்பும்போது நான் ஓட்டினேன், அவள் பின்னால். பாதி வழியில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்கச் சாய்ந்து சொன்னாள்: "காலைல 6 மணிக்கு மைதானத்துக்குப் போலாம் அண்ணி. நான் இன்னும் 12-லதான் இருக்கேன்."