ஆறு விலகிய இடத்தில் ஒரு பூங்கா

ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள வலென்சியாவில் மகள் பணிபுரிகிறாள். அவள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் என் மாலைப் பொழுதுகள் பெரும்பாலும் துரியா பூங்காவில்தான் கழிந்தன. சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரின் ஊடே வளைந்து செல்லும் அந்தப் பூங்கா முழுவதும் முன்பு துரியா ஆற்றின் படுகையாக இருந்த நிலம். சாலையிலிருந்து கீழே இறங்கினால் இருபுறமும் பழைய கரைச்சுவர்கள் நிற்கின்றன. 15, 16ஆம் நூற்றாண்டுகளின் கற்பாலங்கள் இன்றும் தலைக்கு மேலே இருக்க, அவற்றின் வளைவுகளுக்கு அடியில் மிதிவண்டிகளும் ஓட்டப்பயிற்சி செய்பவர்களும் கடந்து செல்கிறார்கள். பைன், ஆலிவ், பேரீச்சை, கசப்பு ஆரஞ்சு என்று மரங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. நகரத்து வாகன இரைச்சல் மேலேயே நின்றுவிடுகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊரான மண்டபத்துக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, மீன்பிடித் தொழில் செய்யும் என் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஆத்துக்குள்ளயா பூங்கா வச்சிருக்காங்க? வெள்ளம் வந்தா என்னண்ணே செய்வாங்க?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

வெள்ளம் வந்ததால்தான் அந்தப் பூங்காவே பிறந்தது. 1957 அக்டோபர் 14 அன்று, நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அதே காலத்தில், துரியா கரைபுரண்டு நகரை மூழ்கடித்து 80க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகு நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, வினாடிக்கு 5,000 கன மீட்டர் நீரைக் கடத்தும் அளவில் புதிய கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். காலியான படுகையில் நெடுஞ்சாலை அமைக்க அன்றைய ஆட்சி திட்டமிட்டது. மக்களோ அந்த நிலம் தங்களுடையது, அது பசுமையாக இருக்க வேண்டும் என்று போராடினார்கள். 1976இல் படுகை நகரத்தின் வசம் வந்தது. 1980களில் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ போஃபில் பூங்காவுக்கான திட்டத்தை வரைந்தார். துறைமுகத்துக்குச் சாலை வேண்டும் என்பது அன்று வலுவான வாதமாகத்தான் ஒலித்திருக்கும் என்பதால், அந்த மக்களின் பிடிவாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வைகையின் வறண்ட மணலிலும் இப்படி ஒன்று செய்யலாமே என்று உறவினர் ஒருவர் ஆர்வத்தோடு சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வைகை ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்தாலும், அதற்கு மாற்றுவழி எதுவும் வெட்டப்படவில்லை. மேலே நல்ல மழை பெய்தால் வெள்ளம் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும், அதற்கும் மிஞ்சினால் ஆற்றங்கரை அருகே கடலுக்கும் அதே தடத்தில்தான் வந்தாக வேண்டும். வலென்சியாவிலேயே 2024 அக்டோபர் 29 அன்று புதிய கால்வாய் நகரத்தைக் காத்தது. ஆனால் அதற்குத் தெற்கே பைபோர்ட்டா போன்ற ஊர்களில் வேறு ஓடைகள் பெருக்கெடுத்தன. அந்த மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமக்கு ஏற்ற இடம் கண்மாய்க்கரை. அங்கே மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அகற்றி வேம்பும் புங்கமும் பனையும் வைத்து, நடப்பதற்கு ஒரு பாதையும் விட்டால் போதும்.

அந்நகரில் வேறு தோட்டங்களும் உண்டு. பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் 1802 முதல் இப்போதைய இடத்தில் இருக்கிறது. அதற்குச் சிறிய நுழைவுக்கட்டணம் உண்டு. பார்த்தெர்ரே என்னும் சிறு சதுக்கத் தோட்டத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அத்தி இனப் பெருமரம் ஒன்று நிற்கிறது. நம் ஆலமரத்துக்கு உறவு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

துரியா பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. மேற்கிலிருந்து கிழக்கே, ஆறு ஓடிய திசையிலேயே நடப்பது எளிது. கோடை வெயில் நம்முடையதற்குச் சளைத்ததல்ல; ஆனால் ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை மணி வரை பொழுது சாயாது என்பதால், ஏழு மணிக்கு மேல் இறங்கினாலும் வெளிச்சத்திலேயே நெடுந்தூரம் நடந்துவிடலாம்.