பல் இம்ப்ளான்ட் வைத்த பிறகு நான் சாப்பிட்டதும் தள்ளி வைத்ததும்

கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்கு வேர் மாதிரி எலும்பில் பதிக்கிற டைட்டானியத் திருகு, வைத்துக்கொண்டேன், நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு எலும்பில் துளை போடுகிற அதிர்வு மட்டும்தான் தெரிந்தது, வலி இல்லை. பல்லைப் பிடுங்கினதைவிட இது லேசு. பாடெல்லாம் அதற்கப்புறம் சாப்பாட்டில்தான். ‘மென்மையான உணவு’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் நம்ம ஊர் அடுக்களையில் மென்மையாகத் தெரிவதில் பாதி இந்தப் புண்ணுக்கு ஆகாது.

முதல் நாள் சூடு கூடாது, ஸ்ட்ரா கூடாது, வாயைக் கொப்பளித்து வேகமாகத் துப்பவும் கூடாது. புண்ணின் மேல் ரத்தம் உறைந்து மூடி நிற்கும், உறிஞ்சினால் அது பெயர்ந்து வந்துவிடும் என்றார் டாக்டர். அதனால் கருக்கை வெட்டித் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குடித்தேன், வழுக்கையை ஸ்பூனால் வழித்துத் தின்றேன். ஆறின பால், தயிர், முந்திரி கிந்திரி எதுவும் போடாத ஐஸ்கிரீம், அன்றைக்கு அவ்வளவுதான். பெரியம்மா பார்க்க வந்து, “நாலு கிராம்ப அந்தப் பக்கமா அடக்கி வச்சுக்க மக்ளே, வலி தன்னால போவும்” என்றாள். நம்ம கன்னியாகுமரி மலைக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, சொத்தைப் பல் வலிக்கு அது கேட்கும் என்பதும் உண்மைதான். ஆனால் தையல் போட்ட பச்சைப் புண்ணில் கிராம்பு எரிச்சலைத்தான் கூட்டும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு மாத்திரையைப் போட்டுப் படுத்தேன்.

மறுநாள் கஞ்சி. இங்கேதான் கவனம் வேண்டும். நம்ம சம்பா அரிசிக் கஞ்சியில் சோறு பருக்கை பருக்கையாக முழித்துக்கொண்டு நிற்கும், கூட்டுக்குச் சிறுபயறு, அதன் தோல் தையலில் போய் ஒட்டும். கஞ்சியைக் குழைய விட்டு, மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, ஆறவைத்துக் குடித்தேன். பலா இலையைக் கரண்டி மாதிரி கோட்டிக் குடித்தால்தான் கஞ்சி குடித்த மாதிரி இருக்கும் எனக்கு, இலை நுனி குத்திவிடுமோ என்று அதையும் விட்டேன். கஞ்சித் தண்ணியை மட்டும் நம்பியிருந்தால் உடம்பு வாடிப்போகும், புண் ஆறப் புரதம் வேண்டும். தோல் போன உளுந்தில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த உளுந்தங்கஞ்சிதான் எனக்குக் கைகொடுத்தது. முட்டையை முக்கால் வேக்காட்டில் கிளறியதும், நெய் விட்டு மசித்த பருப்பும் கூடவே. பழத்துக்கு மட்டி வாழைப்பழம் இருக்கவே இருக்கிறது, பிள்ளைகளுக்கு முதன்முதலில் ஊட்டுகிற பழத்தை நாம் தின்பதில் என்ன வெட்கம்.

ஏமாற்றுகிறவை வேறு இருக்கின்றன. புட்டு பஞ்சு மாதிரிதான், ஆனால் உதிர்ந்து தையல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேங்காய்த் துருவலும் அப்படியே. ஆப்பத்தில் நடுப்பகுதி சரி, மொறுமொறு ஓரத்தைப் பிய்த்து வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கடுகு! தாளிக்காத குழம்பு நம்ம வீட்டில் உண்டா? எனக்கு மட்டும் தாளிக்கும் முன்னே தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன், ரசத்தை வடிகட்டிக் குடித்தேன். கொய்யா விதை வேண்டாம், அன்னாசிப் புளிப்பு வேண்டாம், வத்தலரைத்த காரக் குழம்பு கொஞ்ச நாளைக்கு வேண்டவே வேண்டாம்.

தையல் பிரித்த பிறகு மரச்சீனிக் கிழங்குக்கு வந்தேன். நடுவில் இருக்கிற நாரை உருவிப் போட்டு, குழைய வேகவைத்து, தேங்காயை வெண்ணெயாக அரைத்துச் சேர்த்து மயக்கினால் மெல்லவே வேண்டாம். கூட நெய்மீன் கறி, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, மறுபக்கத்துப் பல்லால்தான். மாவாக இருப்பது பல்லோரம் அப்பிக்கொள்ளும் என்பதால் சாப்பிட்டதும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை வாயில் மெல்ல அலசி விட்டேன். மற்ற பற்களுக்குப் பிரஷ் ஒருநாளும் தவறவில்லை.

நிஜமான சோதனை வலி போன பிறகுதான் வரும். வீக்கம் வடிந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றும், உள்ளே டைட்டானியத் திருகோடு எலும்பு இன்னும் சேர்ந்திருக்காது. முயல் எலும்பில் வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்கவே முடியாமல் போனதைக் கவனித்துத்தான் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனமார்க் இந்த வழியைக் கண்டுபிடித்தார், 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார். அப்படிப் பிடிப்பதற்குக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், மேல்தாடையில் இன்னும் கூடுதலாகவும் ஆகும். அதற்குள் கடித்து அசைத்துவிட்டால் எலும்புக்குப் பதில் வெறும் சதைநார்தான் சுற்றி வளரும், திருகு நிற்காது. ஏத்தங்காய் சிப்ஸ் வறுக்கிற கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டேன், வேறு வழியில்லை.

இந்த இடைவெளியில் மார்த்தாண்டத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் வேறு. பப்படமும் உப்பேரியும் பக்கத்து இலைக்குப் போயின. பருப்பும் நெய்யும், புளிசேரி, அவியலில் வெந்த தடியங்காய்த் துண்டு, அப்புறம் போளியைப் பால் பாயசத்தில் ஊறவிட்டு இரண்டு தடவை. பாவம் பார்த்தவர்கள் என் இலையைப் பார்க்கவில்லை.

இப்போது திருகுக்கு மேலே பல் வைக்க அளவு எடுத்தாகிவிட்டது. வைத்த பிறகு எல்லாம் தின்னலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சிப்ஸ், மீன் பொரித்தது எல்லாம் பழக்கிப் பழக்கி ஆரம்பிக்கலாம், ஐஸ் கட்டி, எலும்பு, நண்டு ஓடு இதையெல்லாம் அந்தப் பல்லால் உடைக்கக் கூடாது என்றார். நண்டை உடைக்க வீட்டில் அம்மிக்குழவி கிடக்கிறது.