1990 என்று எழுதிய விஸ்கி பாட்டில்

கிளாஸில் இரண்டே சொட்டுத் தண்ணீர் விட்டேன். அதுவரை மூடிக் கிடந்த வாசனை மெல்ல எழுந்தது. முதலில் தேன், அப்புறம் உலர்திராட்சை, கடைசியில் பழைய மர அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு மணம்.

எடின்பரோவில் ஒரு சின்ன பார். வெளியே மழை. எதிரே பால்பிளேர் 1990 என்ற ஸ்காட்ச் விஸ்கி.

1990 என்பது பாட்டிலில் அடைத்த ஆண்டு அல்ல, காய்ச்சி வடித்த ஆண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கே எட்டர்டன் கிராமத்தில் வடித்து, ஓக் பீப்பாயில் 20 வருடங்களுக்கு மேல் உறங்க விட்டிருக்கிறார்கள். சட்டப்படி 3 வருடம் போதும்!

பீப்பாயிலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்பார்கள். 20 வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். பாட்டிலுக்குள் வந்தபின் அதற்கு வயது ஏறாது. மரத்தோடு இருந்த காலம்தான் கணக்கு.

அன்று அந்தப் பீப்பாயை நிரப்பியவர்களை நினைத்துக்கொண்டேன். தங்கள் உழைப்பு எப்படிக் கனிந்தது என்று ருசித்துப் பார்க்காமலே சிலர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்கள்.

முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அடியில் இன்னும் ஒரு வாய் இருக்கிறது. குடித்து முடிக்க மனம் வரவில்லை.